ஒயினா, பிராந்தியா? சோற்றைக் குறைத்தவர் வீட்டு வழக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு விருந்துகளில் இரண்டு ஆண்டுகளாக ஒரே வழக்குதான். சோறு, ரொட்டி சானாய், சீனி போட்ட தே தாரே எல்லாவற்றையும் விட்டுப் பத்துக் கிலோ குறைத்தவர் என் மச்சான். "பிராந்தியில் மாவுச்சத்தே இல்லை. பிறகு எதற்கு மச்சான் ஒயின்?" என்பார்.

கணக்கில் அவர் சொல்வது சரி. காய்ச்சி வடிக்கும்போது சர்க்கரை ஆவியோடு ஏறி வருவதில்லை. அதனால் பிராந்தியிலும் விஸ்கியிலும் மாவுச்சத்து ஏறத்தாழ இல்லை. இனிப்பில்லாத 'டிரை' ஒயின் 150 மில்லியில் சுமார் 4 கிராம் இருக்கிறது. 330 மில்லி பீரில் 10 முதல் 12 கிராம் வரை வரும். இந்த உணவு முறைக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். ஒரு கோப்பைச் சோற்றில் 45 கிராம் என்பதையும் பார்த்தால் ஒயினின் 4 கிராம் பெரிய பாரமில்லை.

ஆனாலும் நான் ஒயின் பக்கம். பிராந்தி 45 மில்லியிலும் ஒயின் 150 மில்லியிலும் சாராயச் சத்து ஏறக்குறைய ஒன்றே. நம் வீடுகளில் யார் 45 மில்லி அளந்து ஊற்றுகிறார்கள்? கை போன போக்கில் ஊற்றி, மேலே அரை டின் கோலாவும் சேர்ந்தால், விலக்கி வைத்த பீரின் மாவுச்சத்து கோலாவின் சர்க்கரை வழியாக வந்துவிடும். சாராயச் சத்து கிராமுக்கு 7 கலோரி. கல்லீரல் அதைத்தான் முதலில் எரிக்கும். கொழுப்பு அதுவரை காத்திருக்கும். ஒயினைச் சாப்பாட்டோடு மெல்லக் குடிக்கலாம் என்பதே எனக்கு அதன் பெரிய பலம்.

எங்கள் பெரியப்பா இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, மாத்திரை எடுப்பவர். மச்சானைப் பார்த்து அவரும் சோற்றை விட்டார். ஒரு சனிக்கிழமை இரவு சாப்பிடாமல் இரண்டு பிராந்தி குடித்துவிட்டுப் படுத்தார். நள்ளிரவில் உடல் வேர்த்துக் கொட்ட, வாய் குழற எழுந்தார். போதை என்றுதான் நினைத்தோம். பெரியம்மா விரலில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரையைக் கருவி லிட்டருக்கு 3 மில்லிமோலுக்குக் கீழே காட்டியது. மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு வற்றுகிறது. புதிதாகச் சர்க்கரை செய்யும் வேலையையும் மது தடுக்கிறது. சில மாத்திரைகளும் இன்சுலினும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையையும் கீழே இழுக்கின்றன. மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வெறும் வயிற்றில் குடித்தால் ஒயினும் இதையே செய்யும். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எனவே மாத்திரை எடுப்பவர்கள் சோற்றைக் குறைப்பதையும் மதுவையும் சேர்த்துத் தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

ஒயின் வாங்குவதிலும் கண் வேண்டும். இத்தாலிய இனிப்பு ஒயினான மொஸ்காட்டோ டி அஸ்தியில் சாராயச் சத்து குறைவு, ஆனால் சர்க்கரை லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டும். போர்ட் ஒயினில் சர்க்கரை சாராயமாக மாறும் புளிப்பு வேலை பாதியில் நிறுத்தப்படுவதால் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. நுரைக்கும் ஒயினில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்ற பெயர் ஆளை ஏமாற்றும்: அது லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை, 'புரூட்' 12-க்குள். பெயரைப் பார்த்து நானே ஒருமுறை தவறாக வாங்கினேன்.

கள்ளை விட்டுவிட எனக்கு மனமில்லை. இறக்கிய நேரத்தில் தென்னம்பாளைச் சாற்றில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரை சர்க்கரை. நேரம் ஏற ஏற அது சாராயமாகி, மாலையில் புளித்துக் கடுக்கும். காலைக் கள்ளும் மாலைக் கள்ளும் ஒன்றல்ல, ஆகவே கிராம் எண்ணுகிறவருக்கு அதில் கணக்கே நிற்காது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அந்தக் கசப்பு தெரிந்த குடும்பம் எங்களுடையது. அதனால் எந்த மதுவையும் 'உடம்புக்கு நல்லது' என்று சொல்ல என் நாக்கு எழாது.

வரும் தீபாவளிக்கு மச்சானுக்கு ஒரு கோப்பை சிவப்பு ஒயின், 150 மில்லி, அளந்துதான். கூடவே மட்டன் பிரட்டலும் முட்டைக்கோஸ் பொரியலும். பெரியப்பாவுக்கு உப்பிட்ட எலுமிச்சைத் தண்ணீர். அவர் தட்டில் அரைக் கோப்பைச் சோறும் இருக்கும். பெரியம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.