பெயர் அட்டவணையில் ஏறாதவர்களையும் கண்டெடுத்துத் தரும் ஃபேமிலிசர்ச்: ஒரு மதிப்புரை

பதிவுத்துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றிச் சார்பதிவாளராக ஓய்வு பெற்ற எனக்கு, மகன் வீட்டில் தங்கியிருந்த ஏழு மாதங்களில் எதிர்பாராத ஒரு பணி வாய்த்தது. என் மருமகளின் தாய்வழிக் குடும்பம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதியைச் சேர்ந்தது. சம்பந்தி அம்மாளிடம் தலைமுறைகளாக வந்த ஒரு குடும்ப பைபிள் இருக்கிறது. அதன் நடுப்பக்கத்தில் 1793 முதல் 1811 வரை பிறந்த ஒன்பது குழந்தைகளின் பெயர்களும் தந்தையின் பெயரும் எழுதப்பட்டுள்ளன. அந்தத் தந்தையைப் பெற்றவர் யார், அவர் மனைவி எந்தக் குடும்பத்துப் பெண் என்பவை அதில் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் கட்டணம் செலுத்தி ஓர் ஆய்வாளரிடம் அவர்கள் வாங்கிய வம்சாவளிப் படம் அந்தத் தந்தையை இங்கிலாந்தின் பெருநிலக்கிழார் குடும்பம் ஒன்றோடு இணைத்திருந்தது. ஆனால் எந்த இணைப்புக்கும் ஓர் ஆவண எண்கூடக் குறிப்பிடப்படவில்லை. ஆவணம் காட்டாத உரிமையைப் பணிக்காலத்தில் நான் ஏற்றதில்லை. இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்போது மருமகள் எனக்குத் திறந்து கொடுத்த சேவைதான் ஃபேமிலிசர்ச்.

இது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை நடத்தும் இலவசச் சேவை. ஒரு கணக்கைத் தொடங்கினால் போதும், சந்தா கிடையாது. இதன் வேர் 1894-ல் யூட்டாவில் தொடங்கப்பட்ட வம்சாவளிச் சங்கத்தில் இருக்கிறது. 1938 முதல் அச்சங்கம் நாடு நாடாகச் சென்று தேவாலயப் பதிவேடுகளையும் நீதிமன்றப் பதிவேடுகளையும் மைக்ரோஃபிலிமில் படமெடுத்தது. அப்படிச் சேர்ந்த ஏறத்தாழ 24 லட்சம் சுருள்களை எண்ணிமப் படங்களாக்கும் வேலை 2021-ல் நிறைவடைந்தது. ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) இருநூறு ஆண்டுக் கிரையப் பத்திரப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வீட்டிலிருந்தே புரட்ட முடிகிறது என்பது, பதிவறைத் தூசியில் வாழ்நாளைக் கழித்த என் போன்றவர்களுக்குச் சாதாரணச் செய்தி அன்று.

எனினும் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது படங்களைவிட, 2024-ல் சோதனை முறையில் அறிமுகமான முழுவாசகத் தேடல் என்ற வசதியே. பொதுவாகப் பதிவலுவலகத்தின் பெயர் அட்டவணையில் ஏறுபவர்கள் எழுதிக்கொடுத்தவரும் எழுதிப் பெற்றவரும் மட்டுமே. நான்கெல்லையில் வரும் பக்கத்து நிலக்காரர், கீழே ஒப்பமிட்ட சாட்சி, உரிமையை விட்டுக்கொடுத்த மனைவி, கடன் பட்டியலில் நிற்கும் உறவினர் ஆகியோர் ஆவணத்தின் உடலுக்குள்ளேயே புதைந்து கிடப்பார்கள். முழுவாசகத் தேடலில் செயற்கை நுண்ணறிவு கையெழுத்தை வாசித்து ஆவணத்தின் ஒவ்வொரு சொல்லையும் தேடக்கூடியதாக மாற்றியிருக்கிறது. முதலில் அமெரிக்க நிலப் பதிவுகளும் உயில் பதிவுகளும், மெக்சிகோவின் நோட்டரிப் பதிவுகளுமே இவ்வாறு வந்தன. அமெரிக்காவின் தொடக்ககால மூதாதை ஒருவரைத் தேடுபவருக்கு இந்த நிலப் பதிவுகளும் உயில் பதிவுகளுமே உயிர்நாடி. 1790-ல் எடுக்கப்பட்ட முதல் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். வீட்டில் உள்ள, அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது 1850 முதல்தான்.

தேடும் முறையைக் கற்க அரை நாள் போதும். சேர்ந்து வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். கட்டாயம் இருக்கவேண்டிய சொல்லுக்கு முன் கூட்டல் குறி இட வேண்டும். எழுத்து ஐயமாக இருக்கும் இடத்தில் கேள்விக்குறியோ உடுக்குறியோ இடலாம். வெறும் பெயரை இட்டால் முடிவுகள் வெள்ளமாக வரும். பெயரோடு ஓர் ஓடையின் பெயரைச் சேர்த்தேன்; வெள்ளம் வடிந்தது. வர்ஜீனியாப் பத்திரங்களில் நிலத்தின் அடையாளம் பெரும்பாலும் நீரோடைதான். 'வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்னாரின் எல்லையை ஒட்டி, 120 போல் தூரம் சென்று ஓடையில் முடியும்' என்ற நடையில் எல்லை எழுதப்பட்டிருக்கும். ஒரு 'போல்' (pole) என்பது பதினாறரை அடி. நான்கு போல் சேர்ந்தால் 66 அடி நீளமுள்ள கன்டர் சங்கிலி. நம் பழைய புலப்படப் புத்தகங்களில் இருப்பதும் அதே சங்கிலி அளவுதான் என்பதால், அந்தப் பக்கங்கள் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இந்தத் தேடலில் முதலில் கிடைத்தது, பைபிளில் தந்தையாக வரும் எங்கள் மூதாதை எழுதிய பத்திரமும் அன்று, அவருக்கு எழுதப்பட்ட பத்திரமும் அன்று. வேறு இருவருக்கிடையே நடந்த ஒரு விற்பனையில் அவர் பக்கத்து நிலக்காரராக வந்திருந்தார். பெயர் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு நூறு ஆண்டுகள் தேடியிருந்தாலும் அது கிடைத்திருக்காது. அடுத்து, அதே கவுண்டியில் அதே பெயரில் இன்னொருவர், பெருந்தோட்டக்காரர், வாழ்ந்திருப்பது தெரியவந்தது. விலைக்கு வாங்கிய வம்சாவளிப் படம் இவ்விருவரையும் ஒருவராக்கியிருந்தது. இருவரையும் பிரித்துக் காட்டியவர்கள் மனைவியரே. கணவர் நிலத்தை விற்றாலும், அதில் மூன்றில் ஒரு பங்கைக் கைம்மைக் காலத்தில் ஆயுள் முழுவதும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. எனவே அவர் அதைத் துறந்தால்தான் வாங்குபவருக்கு வில்லங்கமற்ற உரிமை கிடைக்கும். அதற்காக நீதிபதிகள் அவரைக் கணவரிடமிருந்து தனியே அழைத்து, மனமுவந்து சம்மதிக்கிறாரா என்று விசாரித்துப் பதிவு செய்தார்கள். ஓடையோரத்தில் குறைந்த நிலம் வைத்திருந்தவரின் மனைவிக்கு ஒரு பெயர், பெருந்தோட்டக்காரரின் மனைவிக்கு வேறு பெயர். இருவரும் ஒரே ஆண்டில் உயிரோடு இருந்தார்கள். பெருநிலக்கிழார் தொடர்பு அந்த இடத்திலேயே அறுந்தது. சம்பந்தி அம்மாளுக்கு முதலில் வருத்தம்தான், ஆனால் பத்திரத்தைப் படித்துக் காட்டியபின் அவரே அந்தப் பழைய படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்.

மூதாதையின் தந்தையைக் கண்டறிந்த விதம் எனக்குப் பெரும் மனநிறைவைத் தந்தது. எங்கள் மூதாதை 1780-களின் இறுதியில் 90 ஏக்கரை விற்றிருக்கிறார். ஆனால் அந்த நிலத்தை அவர் எங்கும் வாங்கவில்லை. தாய்ப்பத்திரம் இல்லாத விற்பனை என்றால் நம் ஊரில் உடனே வாரிசுரிமையைத்தான் கேட்போம். வர்ஜீனியாவில், உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற பழைய விதி 1785-ல் இயற்றப்பட்டு 1787 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தால்தான் ஒழிந்தது. ஆகவே அதற்கு முன் இறந்த யாரோ ஒருவரின் மூத்த மகனாக இவர் இருக்க வேண்டும் என்று கருதி, அதே ஓடையின் பெயரையும் அதே பரப்பளவையும் இட்டுப் பின்னோக்கித் தேடினேன். 1760-களில் அந்த 90 ஏக்கரை வாங்கியவரின் பத்திரம் கிடைத்தது. அவர் இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலில், மைனரான மூத்த மகனின் பெயரும் காப்பாளரின் பெயரும் இருந்தன. அந்தக் காப்பாளர்தான் அந்த 90 ஏக்கரின் நான்கெல்லையில் வந்த பக்கத்து நிலக்காரர்.

அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கச் சுதந்திரப் போர் ஓய்வூதியக் கோப்புகளுக்குச் சென்றேன். அவை தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதன் பட்டியலிலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 1832-ம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்த முதிய வீரர்கள் தம் போர்ப்பணியை நீதிமன்றத்தில் பிரமாணமாகச் சொன்னார்கள். பின்னர் விண்ணப்பித்த விதவையர் பலர் திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். குடும்பப் பதிவும் சட்டப் பதிவும் ஒரே உறையில் சேரும் இடம் அது. அந்தக் காப்பாளரின் மகன் அளித்த விண்ணப்பத்தில் எங்கள் மூதாதை சாட்சியாக வந்து, தம் வயதையும், விண்ணப்பதாரரைச் சிறுவயது முதல் அறிந்திருப்பதையும் கூறியிருந்தார். பைபிள் சொல்லாத பிறந்த ஆண்டு அங்கே கிடைத்தது.

பிறருடைய ஆவணங்களில் ஒருவர் எவ்வளவு வாழ்கிறார் என்பதற்கு வர்ஜீனியாவிலேயே பெரிய சான்று உண்டு. நார்த்தாம்ப்டன் கவுண்டியின் நீதிமன்றப் பதிவேடுகள் 1632 முதல் இடையறாமல் ஈஸ்ட்வில் என்ற ஊரில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 1621-ல் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரான அந்தோனி ஜான்சனின் வாழ்க்கை முக்கியமாக இத்தகைய பதிவுகளால்தான் நமக்குத் தெரிகிறது. 1651-ல் 250 ஏக்கர் பட்டா பெற்றது, 1653-ல் தீவிபத்துக்குப்பின் மனைவி மேரிக்கும் இரு மகள்களுக்கும் வரி நீக்கப்பட்டது, 1670-ல் அவர் இறந்தபின் 'நீக்ரோ, ஆகவே அந்நியர்' என்று நடுவர் குழு கூறி அவர் விட்டுச்சென்ற நிலத்தைப் பறித்தது, 1677-ல் பேரன் 44 ஏக்கர் வாங்கி அதற்கு 'அங்கோலா' என்று பெயரிட்டது ஆகிய அனைத்தும் எழுத்தர்கள் எழுதிய வரிகளே. 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் தாம் அழைத்துவந்த ஆட்களுக்காக நிலம் கோரிய பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒரு பெயர் வருகிறது. அந்த வரியைப் படித்தபோது சிறிது நேரம் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

பயன்படுத்துவோர் கவனிக்கவேண்டியவை சில. 1752-க்கு முன் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கியதால், பிப்ரவரித் தேதியை நம் கணக்கில் அடுத்த ஆண்டாகக் கொள்ள வேண்டும். பழைய கையெழுத்தில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தோன்றும். இரட்டை 'எஸ்' வரும் பெயர்களை வேறு எழுத்துகளிலும் தேடிப் பாருங்கள். இயந்திர வாசிப்பை வழிகாட்டியாக மட்டும் கொண்டு, படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உறவுச் சொற்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அக்காலப் பத்திரத்தில் மருமகன் என்று பொருள்படும் சொல் மனைவிக்கு முந்தைய கணவர் வழியாகப் பிறந்த மகனையும் குறிக்கும். 'கசின்' என்பது அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'சீனியர், ஜூனியர்' என்பவர்கள் தந்தையும் மகனுமாக இருக்க வேண்டியதில்லை. சித்தப்பாவையும் மாமாவையும் ஒரே சொல்லால் அழைக்காத நமக்கு இது பழகச் சிறிது காலம் ஆகும். மேலும், வர்ஜீனியாவின் சில கவுண்டிகள் பாதுகாப்புக் கருதி ரிச்மண்ட் நகருக்கு அனுப்பிய பதிவேடுகள் 1865 ஏப்ரல் தீயில் அழிந்தன. அக்கவுண்டிகளுக்கு அண்டைக் கவுண்டிப் பத்திரங்களே துணை.

சேவையின் இரு வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். சில படங்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. ஃபேமிலிசர்ச் மையத்துக்கோ இணைப்பு நூலகத்துக்கோ செல்ல வேண்டும். அதைவிட முக்கியமானது அதன் குடும்ப மரம். அது உலகத்தார் அனைவருக்கும் பொதுவான ஒரே மரம், எவரும் திருத்தலாம். ஒரே பெயருடைய இருவரை நல்லெண்ணத்துடனேயே ஒருவர் இணைத்துவிடக் கூடும். ஆகையால் ஆதாரம் இணைக்கப்படாத எந்தக் கிளையையும் செவிவழிச் செய்தியாக மட்டுமே கருதுங்கள். பதிவுகளுக்காக இச்சேவைக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன், மரத்துக்கு மூன்று.

எங்கள் மூதாதையின் தந்தை விட்டுச்சென்ற சொத்துப் பட்டியலில் பசுக்களுக்கும் நெசவுத் தறிக்கும் இடையே ஐந்து மனிதர்களின் முதற்பெயர்கள், எதிரே பவுண்டுக் கணக்கில் விலையோடு, எழுதப்பட்டிருந்தன. 1850, 1860 ஆண்டுகளின் அடிமைக் கணக்கேடுகளில் வயதும் பாலினமும் உண்டே தவிர, பெரும்பாலும் பெயர் கிடையாது. விடுதலை பெற்றவர்களின் பெயர்கள் பரவலாக மக்கள்தொகைக் கணக்கில் வந்தது 1870-ல்தான். அதற்கு முந்திய காலத்தில் தம் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்களுக்கு இப்படிப்பட்ட பட்டியல்தான் பெரும்பாலும் கிடைக்கும் ஒரே பெயர்ச்சான்று. அன்று மாலை மருமகள் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் அந்த ஐவரையும் கவுண்டி, ஆண்டு, புத்தக எண், பக்க எண் ஆகியவற்றோடு பொதுமரத்தில் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்கத்தின் படத்தை ஆதாரமாக இணைத்தாள். எண்களைச் சரிபார்க்கும் வேலையை நான் செய்தேன்.