எல்லீஸ் நகர் ஏசி பணிமனை: காப்பர் பைப் வேலை எப்படி?

மதுரையில் பங்குனி பிறந்துவிட்டால் ஏசி வாங்குகிறவர்கள் விலையையும் ஸ்டார் எண்ணிக்கையையும் ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். பொருத்த வருகிறவர் யார் என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. ஸ்பிளிட் ஏசியைப் பொறுத்தவரை தொழிற்சாலையிலிருந்து வருவது பாதி இயந்திரம்தான். இண்டோர் காயிலையும் அவுட்டோர் யூனிட்டையும் இணைக்கும் பைப் வேலை நம் வீட்டுச் சுவரில்தான் நடக்கிறது. அது மோசமானால் எந்தக் கம்பெனியின் பெட்டியும் நிலைக்காது. அதனால்தான் எங்கள் வீட்டில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி பொருத்திய எல்லீஸ் நகர்ப் பணிமனையின் வேலையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

அதே அறையில் முன்பிருந்த ஏசியை வேறொருவர் பொருத்தினார். பைப்பில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப்பை அவர் கொண்டுவரவில்லை. இயந்திரத்தில் இருந்த கேஸையே சிறிது திறந்துவிட்டு, பைப்பில் இருந்த காற்றை வெளியே தள்ளிவிட்டுப் போனார். அப்படிச் செய்யும்போது நிறுவனம் அளந்து நிரப்பிய கேஸும் குறைகிறது, ஈரமும் உள்ளேயே தங்கிவிடுகிறது. இப்போதைய இயந்திரங்களின் கம்ப்ரெசர் எண்ணெய் ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் வகை என்பதால் கேடு உள்ளிருந்தே வளர்கிறது. மேலும் ஏசியில் குளிர்விக்கப் பயன்படும் ஆர் 32 மெல்லத் தீப்பிடிக்கக்கூடிய கேஸ். அதை அறைக்குள் திறந்துவிடுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

இந்தப் பணிமனையிலிருந்து மூத்த மெக்கானிக் ஒருவரும் உதவியாளராக ஓர் இளைஞரும் வந்தார்கள். முதலில் ரசமட்டம் வைத்து, இண்டோர் யூனிட்டைத் தாங்கும் தகட்டைச் சுவரில் பொருத்தினார்கள். வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சுவரில் துளையிட்டார்கள். அடுத்து, இண்டோர் காயிலின் பைப் முனையில் இருந்த மூடியைத் தளர்த்தியபோது, தொழிற்சாலையில் அழுத்தி அடைத்திருந்த வாயு ‘உஸ்’ என்று வெளியேறியது. காயிலில் கசிவு இல்லை என்பதற்கு அந்தச் சத்தமே முதல் அடையாளம் என்றும், அது வராவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் பெரியவர் விளக்கினார். காயிலோடு வரும் பைப்பை இரண்டு கைகளாலும் தாங்கி மெதுவாக ஒரே வளைவாக வளைத்தார். அந்த இடத்தில் பைப் ஒருமுறை மடிந்துவிட்டால் பின்னர் சரிசெய்ய வழியில்லை.

நான் மிகவும் கவனித்துப் பார்த்தது ஃப்ளேர் அடிக்கும் வேலையை, அதாவது நட்டுக்குள் பொருந்தும்படி பைப்பின் முனையை விரிப்பதை. கட்டரால் அறுத்த முனையில் ஒட்டியிருந்த பிசிறை அந்த இளைஞர் சுரண்டத் தொடங்கியதும், “தம்பி, வாயைக் கீழ பாத்துப் பிடி, தூள் உள்ள போயிரும்” என்றார் பெரியவர். நட்டை முதலில் பைப்பில் நுழைத்துவிட்டுத்தான் முனையை விரித்தார்கள். விரிந்த வாயில் மெல்லிய கீறல் ஒன்று தெரிந்தது. உடனே அதை அறுத்துவிட்டு மறுபடி அடித்தார்கள். கசிவு பெரும்பாலும் அத்தகைய கீறலிலிருந்துதான் தொடங்குகிறது. நட்டை முறுக்குவதற்கு, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச் வைத்திருந்தார்கள்: கால் அங்குல நட்டுக்குச் சுமார் 16 நியூட்டன் மீட்டர், அரை அங்குல நட்டுக்குச் சுமார் 55. கைப்பலத்தை மட்டும் நம்பி இறுக்கினால் விரிந்த வாய் நசுங்கிப் பிளந்துவிடும் என்பதை இந்தத் தொழிலில் பலர் பொருட்படுத்துவதில்லை.

பிறகு நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, மதியச் சாப்பாடு முடியும்வரை அழுத்தத்தை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். அழுத்தமானியின் முள் அசையவில்லை. அதன் பின்னரே வேக்குவம் பம்ப்பை ஓடவிட்டு, பைப்புக்குள் மிஞ்சிய அழுத்தத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் 500-க்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தார்கள். 500 மைக்ரான் என்பது அரை மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். வெளிக்காற்றின் அழுத்தமோ 760 மில்லிமீட்டர். அவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தில் பைப்பில் ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறிவிடும். பம்ப்பை அடைத்த பின்னும் அளவு நிலையாக நிற்கிறதா என்று பார்த்தார்கள். அது தொடர்ந்து ஏறினால் கசிவு; சற்று ஏறி நின்றுவிட்டால் ஈரம் மிச்சமிருக்கிறது. எல்லாம் சரியான பிறகே அவுட்டோர் யூனிட்டின் வால்வைத் திறந்தார்கள்.

இரண்டு பைப்புகளுக்கும் தனித்தனியே இன்சுலேஷன் போட்டதையும் சொல்ல வேண்டும். ஸ்பிளிட் ஏசிகளில் கேஸை விரிவடையச் செய்யும் வால்வு பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டில் இருப்பதால் மெல்லிய பைப்பும் குளிர்ந்தே வருகிறது. அதை மூடாமல் விட்டால் சுவர் நனையும், மின்சாரமும் வீணாகும். ஏசித் தண்ணீர் வடியும் டிரெயின் பைப்பையும் காயிலுக்குக் கீழுள்ள தட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்கள்.

இக்குழு கொடைக்கானலில் உள்ள விடுதிகளுக்கு ஹாட் அண்ட் கோல்ட் ஏசி பொருத்தவும் செல்வதுண்டு. அவ்வகையில் சூடு வேண்டும்போது சுழற்சி திரும்பி, தடித்த பைப்பில் கம்ப்ரெசரின் சூடான உயர் அழுத்தக் கேஸ் ஓடும். மதுரையில் குளிர்விக்கும்போது குறைந்த அழுத்தத்தோடு இருக்கும் அதே இணைப்பு, அங்கே முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். இவர்களுடைய கவனம் அந்தப் பழக்கத்தில் வந்ததாக இருக்கலாம்.

குறைகளும் உண்டு. பெட்டியோடு வந்த 3 மீட்டர் பைப் போதாமல் கூடுதல் பைப் வாங்க வேண்டியிருந்தது. அதன் மீட்டர் விலையைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சுவர்த் துளையின் வெளிப்பக்கத்தைப் பட்டி வைத்து அடைத்தது அவசர வேலையாக இருந்தது. மழைக்கு முன் கொத்தனாரைக் கொண்டு பூச வேண்டும். மைக்ரான் அளவை நான் கேட்ட பிறகே ரசீதில் எழுதித் தந்தார்கள். கூலி மற்றவர்களைவிடக் கூடுதல். வேலைக்கு முழுப் பகலும் பிடித்தது. ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இவர்கள் ஒத்துவர மாட்டார்கள். சித்திரையில் அழைத்தால் நாள் கிடைப்பது கடினம். மாசியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.