மருந்துத் தொட்டிப் பாறையை லைவ் ராக் என்று விற்கிறார்கள்: நன்னீரிலிருந்து ரீஃபுக்கு மாறுகிறவர்கள் கவனிக்கவும்

கோபத்தில்தான் எழுதுகிறேன். மீனுக்குச் செம்பு (காப்பர்) மருந்து போட்டு வைத்தியம் பார்த்த தொட்டியில் கிடந்த பாறையை "லைவ் ராக்" என்று ஒரு கடை என் தலையில் கட்டிவிட்டது. லைவ் ராக் என்பது ரீஃபில், அதாவது பவளம் (கோரல்) வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், வைக்கிற, பாக்டீரியாவும் சின்னச் சின்ன உயிர்களும் குடியிருக்கும் பாறை. அந்தப் பாறை, அதை நம்பி வாங்கிய கோரல், நத்தை, இறால் எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. செத்துப்போன உயிர்களுக்குக் கணக்கே இல்லை. கடைப் பெயரை எழுதப் போவதில்லை. நன்னீர் மீனும் கடல் மீனும் சேர்த்து விற்கிற, வாசலிலேயே பெரிய ஷோ டேங்க் வைத்திருக்கிற வகைக் கடை. வாங்குமுன் என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நன்னீர்த் தொட்டியை நன்றாகப் பராமரிக்கத் தெரிந்தவர்கள்தான் இந்த வலையில் எளிதாக விழுவார்கள். நைட்ரஜன் சுழற்சி நமக்குத் தெரியும்: மீன் கழிவின் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும், அது நிலைபெறுவதைத்தான் தொட்டி "சைக்கிள்" ஆவது என்பார்கள். அம்மோனியா 0, நைட்ரைட் 0 என்றால் தொட்டி தயார் என்பது மனதில் ஊறிப்போயிருக்கிறது. கடல் தொட்டிக்கும் அது தேவைதான். சொல்லப்போனால் அங்கே இன்னும் கறாராக இருக்க வேண்டும், கடல்நீரின் பிஹெச் 8.2-இல் அம்மோனியாவின் நச்சுப் பங்கு பிஹெச் 7-இல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். ஆனால் அந்த இரண்டு பூஜ்யமும் செம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. இது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

எப்படி நம்ப வைத்தார் தெரியுமா? பின்பக்கத் தொட்டிக்கு அழைத்துப் போனார். டாங், க்ளவுன், டாம்செல் மீன்கள் எல்லாம் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. டெஸ்ட் கிட்டைக் கையில் கொடுத்து, "நீங்களே பார்த்துக்கோங்க சார்" என்றார். அம்மோனியா 0, நைட்ரைட் 0, உப்பு 1.024 (ஒப்படர்த்தி). பிறகு ஒரு பாறையைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். "ஐப்டேசியா ஒண்ணுகூட இல்ல. புழு இல்ல, நண்டு இல்ல. இவ்ளோ சுத்தமான ராக் வேற எங்கயும் கிடைக்காது. இன்னிக்கே கோரல் வைக்கலாம். நன்னீர்ல இவ்ளோ வருஷம் பார்த்திருக்கீங்க, உங்களுக்கு நான் தப்பான பொருள் கொடுப்பேனா?" புதிதாக ரீஃப் தொடங்குகிறவர்கள் எல்லோரையும் ஐப்டேசியா என்ற, களைபோலப் பரவும் கடற்சாமந்தி பற்றிச் சொல்லித்தான் பயமுறுத்தி வைத்திருப்பார்கள். அது இல்லாத பாறை என்றால் யாருக்குத்தான் மனம் இளகாது? அந்த வாக்கியத்தின்மேல் இரண்டு மாதச் சம்பளம் கைமாறியது.

அவர் பெருமையாகக் காட்டிய அந்தச் சுத்தத்துக்குக் காரணம் செம்பு. உண்மையான லைவ் ராக்கின் அடிப்பக்கத்தில் கடற்பஞ்சுத் திட்டுகள், குழாய்ப்புழுக்களின் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் குழல்கள், இரவில் ஓடும் ஆம்பிபாடுகள் (இறால் போன்ற நுண்ணிய உயிர்கள்) என்று ஏதாவது இருக்கும். மீன் கொழுத்துத் திரிகிற தொட்டியில் முதுகெலும்பில்லாத உயிர் ஒன்றுகூட இல்லை என்றால், அங்கே காப்பர் மருந்து ஓடுகிறது அல்லது ஓடியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். கடல் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கும் வெல்வெட் நோய்க்கும் கடைகளில் கொடுப்பது காப்பர்தான். அயனிச் செம்பு என்றால் 0.15 முதல் 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), கீலேட் வகை மருந்து (வேறு மூலக்கூறு பிடித்து வைத்திருக்கும் செம்பு) என்றால் 2 பிபிஎம் அளவில் வைப்பார்கள். மீன் தாங்கும். நத்தை, இறால், நண்டு, கோரல் எதுவும் தாங்காது.

மருந்து போட்டால் போடட்டும், மீனுக்கு அது தேவைதான். ஆனால் மருந்துத் தொட்டியில் பாறையும் பவள மணலும் இருக்கவே கூடாது. மீன் ஒளிந்துகொள்ள வெறும் பிவிசி குழாய்த் துண்டு போதும். பாறை முழுக்கக் கால்சியம் கார்பனேட். செம்பு அதன்மேல் ஒட்டும், துளைகளுக்குள் படியும். அதை எடுத்துப் புதிய உப்புநீரில் போட்டால் மெல்ல மெல்லக் கசியும். பிஹெச் இறங்கினால் இன்னும் கசியும். பாறையைக் கழுவினாலும், பிரஷ் போட்டுத் தேய்த்தாலும், வெயிலில் காயவைத்தாலும் போகாது. கடல் மீன் விற்கிறவருக்கு இது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

தொட்டியில் நடந்தது இந்த வரிசையில்தான். வரிசையைக் கவனியுங்கள், பிறகு வந்த சாக்குகள் எல்லாம் இதை மறைக்கத்தான். முதலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. மல்லாந்து கிடந்தன, தொட்டால்கூட மூடியை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் அம்மோனியா 0. அடுத்து கிளீனர் இறால் துடித்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. சீனியா என்ற துடிக்கும் மென்பவளம் துடிப்பை நிறுத்திக் கூழாகியது. பொத்தான் போன்ற ஜொவாந்திட் பவளம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. க்ளவுன் மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் தீனி தின்றன. முதுகெலும்பில்லாதவை மட்டும் வரிசையாகச் சாக, மீன் நலமாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது செம்பைத்தான்.

போன் செய்தால் முதல் பதில்: "டிரிப் சரியா விட்டிருக்க மாட்டீங்க." பையிலிருந்த நீரும் தொட்டி நீரும் உப்பிலும் வெப்பத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதற்கும் மேலே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுப் பழக்கியாயிற்று. அடுத்தது: "உப்பு ஏறியிருக்கும்." 35 பிபிடி திரவத்தில் அளவு திருத்திய ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025. படம் எடுத்து அனுப்பினேன். அடுத்தது: "ஆல்க் எவ்வளவு?" ஆல்க், அதாவது நீரின் காரத்தன்மை, 8.3 டிகேஹெச், கால்சியம் 420, மெக்னீசியம் 1320. எல்லாம் ரீஃபுக்குச் சரியான அளவுதான். அதையும் அனுப்பினேன். கடைசியில் செத்த நத்தைகள் அழுகி அம்மோனியா 0.5 ஆனதும் அதைப் பிடித்துக்கொண்டார்: "பாருங்க, உங்க டேங்க் சைக்கிளே ஆகல!" இன்றே கோரல் வைக்கலாம் என்று விற்ற அதே வாய்! சாவுக்குப் பின் வந்த அம்மோனியாவைச் சாவுக்குக் காரணம் ஆக்கிவிட்டார். அதோடு நிற்கவில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பாக்டீரியா பாட்டிலை வேறு விற்கப் பார்த்தார்.

பிறகு காப்பர் கிட் வாங்கிச் சோதித்தபோது 0.25 பிபிஎம் காட்டியது. ஆர்ஓ டிஐ நீரில் (வடிகட்டிய தூய நீர்) 0. அதில் கரைத்த புதிய உப்புநீரிலும் 0. பித்தளை இணைப்பு எதுவும் தொட்டி வழியில் இல்லை, பம்பின் காந்தமும் விரிசல் விடவில்லை. ஆக, உலோகம் வேறு வழியில் வந்திருக்க முடியாது. பாதி நீரை மாற்றி, கார்பனும் செம்பு உறிஞ்சும் ரெசினும் போட்டதும் அளவு இறங்கியது. ரெசினை எடுத்த சில நாளில் பழையபடி ஏறியது. ஒரு பாறையைத் தனி வாளியில் புதிய உப்புநீரில் பம்போடு ஊறவைத்தால் அந்த வாளியிலும் செம்பு. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

இந்த அளவுகளை எல்லாம் எழுதி அனுப்பிய பிறகு வந்த பதில் ஒரே வரி: "லைவ் ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாது சார்." பாறை எப்போதிலிருந்து லைவ் ஐட்டம்? நேரில் போனால் முதலாளி இல்லை என்றார்கள். இப்போது மெசேஜ் போவதே இல்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் "அக்வேரியம் பொருட்கள்" என்று ஒற்றை வரி. இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரே வரி.

சரி, சொன்ன எச்சரிக்கைகள்.

பாறை எடுக்கப்படும் தொட்டியில் உயிரோடு நத்தையோ இறாலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள், மீன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

கடைக்குக் காப்பர் கிட்டை நீங்களே கொண்டு போங்கள். சில கிட்கள் கீலேட் செம்பைக் காட்டாது, மொத்தச் செம்பையும் காட்டும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டி நீரில் 0 என்றால் மட்டும் போதாது, பாறையை இரண்டு வாரம் வாளியில் ஊறவைத்து மறுபடி சோதித்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள். பழைய தொட்டி, பழைய மணல் வாங்கினாலும் இதே கதைதான்.

பில்லில் "காப்பர் படாத பாறை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் காய்ந்த பாறையில் தொடங்கி, 2 பிபிஎம் அம்மோனியா விட்டு, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். பாஸ்பேட் கசியும், அதை அளந்து குறைக்கலாம். செம்போடு அந்த விளையாட்டு நடக்காது.

கல் பவளம் எல்லாமே சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (அழியும் ஆபத்துள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அதற்கான அனுமதிக் காகிதம் கேளுங்கள்.

ஏற்கெனவே இப்படிப் பாறை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், நத்தை உதிர்ந்த அன்றே மிச்சமிருக்கும் கோரலை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், கடையின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அந்தப் பாறையை மீன் மட்டும் உள்ள தொட்டியில் வைக்கலாம். இன்னொருவருக்கு ரீஃப் பாறை என்று மட்டும் விற்றுவிடாதீர்கள்.