பழைய கம்ப்ரஸருக்குப் புது மோட்டார்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் மோட்டார்சைக்கிள் பட்டறையில் இருக்கும் காற்றடிக்கும் கம்ப்ரஸர் என்னைவிட மூத்தது. ஏதோ கப்பலிலிருந்து கழற்றி விற்றதை அப்பா வாங்கிப் போட்டார். இரண்டு சிலிண்டர், பெல்ட்டில் ஓடுவது. பம்ப் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. மோட்டார்தான் நான்கு வருடத்துக்கு முன் ஒரு மதியம் புகைவிட்டு நின்றுபோனது.

மோட்டார் பிளேட்டில் 3 எச்பி என்று இருந்தது. நேரே ஜாலான் புசார் பக்கம் போய் 2.2 கிலோவாட் மோட்டார் ஒன்றைச் செகண்ட்ஹேண்டில் தூக்கி வந்தேன். எச்பியைப் பார்த்தவன் ஆர்பிஎம்மைப் பார்க்காமல் கோட்டை விட்டேன். அது நிமிடத்துக்கு 2880 சுற்று. மோட்டாரில் பெல்ட் ஓடும் புல்லி 150 மில்லிமீட்டர், பம்ப் சக்கரம் 350. கணக்குப்படி பம்ப் 1,230 சுற்று ஓடும். சுவிட்சைப் போட்டதும் ஒரே அலறல். அரை நிமிடத்துக்குள் ஓவர்லோடு ரிலே (கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துவது) விழுந்தது. விழுந்ததே நல்லதாய்ப் போயிற்று.

அப்புறம்தான் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். பழைய பிளேட்டைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது கப்பல் மோட்டார் தம்பி, 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம கரண்ட் 400, 50 ஹெர்ட்ஸ்" என்றார். பிளேட்டில் 1740 சுற்று. ஹெர்ட்ஸ் குறைந்தால் சுற்றும் குறையும், இங்கே அது 1450தான் ஓடியிருக்கும். அதாவது 745 சுற்று ஓடவேண்டிய பம்ப் இத்தனை வருடமும் 620 பக்கமே ஓடியிருக்கிறது. டேங்க் நிரம்ப நேரமாகிறது என்று அப்பா புலம்பியதற்குக் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

புதிதாக 1430 சுற்று மோட்டார் வாங்கினோம், த்ரீ ஃபேஸ். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பழைய மோட்டாரின் ஷாஃப்ட் அங்குலக் கணக்கு, ஒன்றே அரைக்கால் அங்குலம், 28.6 மில்லி. புதியது 28. புல்லி ஷாஃப்டில் நழுவாமல் இருக்க இடையில் செருகும் கீயும் பொருந்தவில்லை: புல்லியில் கால் அங்குலம், ஷாஃப்டில் 8 மில்லி. மோட்டார் கால்களின் ஓட்டைகளும் வேறு இடம், உயரமும் 14 மில்லி குறைவு. உயரத்தைத் தகடு வைத்துச் சரிசெய்யலாம், அதில் தப்பில்லை. ஆனால் ஷாஃப்ட் இடைவெளிக்கு மைலோ டின்னை வெட்டிச் சுற்றி, கீயை அரம் வைத்து ராவிப் போட்டேன் பாருங்கள், அது வேண்டாத வேலை. இரண்டே மாதத்தில் புல்லி ஆட ஆரம்பித்து, பெல்ட் தேய்ந்து தரையெல்லாம் கரித்தூள்.

கடைசலுக்குக் கொடுத்து 28 மில்லி துளையோடு புதுப் புல்லி செய்தபோது பேராசை வந்தது. 180 போட்டால் பம்ப் 735 சுற்று வரும், அசல் வேகம். போட்டேன். டேங்க் சட்டென்று நிரம்பியது. ஆனால் டேங்க் அழுத்தம் 8 பார் நெருங்கும்போது கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் 5.1 ஆம்பியர் காட்டியது, பிளேட்டில் 4.8. வேகம் ஏறினால் சுமையும் கூடவே ஏறும். ரிலே விழும் அளவை ஏற்றி வைத்து ஓட்டலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். அப்படித்தான் மோட்டாரைக் கருக்குவார்கள். 160 புல்லிக்கு இறங்கினேன்: 4.4 ஆம்பியர், 650 சுற்று. நான்கு வருடமாக அதே புல்லி.

இரண்டாம் வருடம் காலையில் போட்டதுமே ரிலே விழ ஆரம்பித்தது. கெப்பாசிட்டி போதவில்லை, அடுத்த சைஸ் வாங்கவேண்டியதுதான் என்று விலைகூடக் கேட்டுவிட்டேன். உண்மையில் டேங்க் காற்று பம்புக்குத் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் அழுக்கு. மோட்டார் நின்றபின், அழுத்தம் பார்த்து அதை நிறுத்தும் பிரஷர் சுவிட்சிலிருந்து ஒரு நொடி 'புஸ்' என்று காற்று போய் அடங்க வேண்டும். எங்களுடையதில் அது நிற்காமல் சீறிக்கொண்டே இருந்திருக்கிறது. டேங்க் காற்று திரும்பி வந்து பம்ப் தலையிலேயே நிற்க, மோட்டார் முழுச் சுமையோடு கிளம்பத் திணறியிருக்கிறது. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது.

பெல்ட் இரண்டு தடவை மாற்றினேன். மோட்டார் பேரிங் இன்னும் தொடவில்லை. நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தினமும் சாயங்காலம் டேங்கில் தண்ணீர் திறந்துவிடுகிறேன். டேங்குக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனை அடுத்த மாதம். எனக்கு இப்போது பயம் மோட்டாரைப் பற்றி இல்லை, அந்தப் பழைய டேங்க்தான்.