துப்பாக்கியா, புறக்கணிப்பா: அமெரிக்கர்கள் அரசை எதிர்த்த இரண்டு வழிகள்

அரசு அத்துமீறினால் ஆயுதம் எடுப்பதில் தப்பில்லை என்று வாதிடும் அமெரிக்கர்கள் கையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவதுதான் நியாயம்.

டென்னசி மாநிலத்தில் மெக்மின் என்றொரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), அதன் தலைநகர் ஏதென்ஸ். 1936-இல் ஷெரிஃப், அதாவது தேர்தலில் வரும் கவுண்டி போலீஸ் தலைவர், ஆன பால் கான்ட்ரெலின் கோஷ்டிதான் அங்கே எல்லாம். ஷெரிஃபுக்கும் அவர் ஆட்களுக்கும் கைதுக்கு இவ்வளவு என்று கட்டணம் கிடைத்துக்கொண்டிருந்தது. விளைவு என்ன ஆகும்? ஊர் வழியாகப் போகிற பஸ்ஸை நிறுத்தி, தூங்கிக்கொண்டிருக்கும் பயணியை எழுப்பி, குடித்திருக்கிறாய் என்று இழுத்துப்போய் அபராதம் வசூலித்தார்கள். தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டிகளை எடுத்துப்போய் யாரும் பார்க்காத இடத்தில் எண்ணுவார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் தனி அணியாக 1946-இல் போட்டியிட்டார்கள். ஆகஸ்ட் 1, வாக்குப்பதிவு நாள். ஓட்டுப்போட வந்த டாம் கில்லெஸ்பி என்ற வயதான கறுப்பினத்தவரை ஷெரிஃபின் ஆள் ஒருவன் சுட்டான். மாலையில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய் சிறைக்குள் பூட்டிக்கொண்டார்கள். சிப்பாய்கள் ஆயுதக் கிடங்கிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துவந்து சிறையைச் சுற்றி வளைத்து, ராத்திரி முழுக்கச் சுட்டு, கடைசியில் டைனமைட்டும் வீசியபிறகு, விடிவதற்குள் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். பெட்டிகள் வெளியே வந்தன, சிப்பாய்கள் தரப்பு வேட்பாளர் நாக்ஸ் ஹென்றி ஷெரிஃப் ஆனார், சண்டையில் ஒருவரும் சாகவில்லை.

சரி, ஜெயித்தார்கள். எப்படி என்று கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். எதிரி ஒரு கவுண்டி அளவிலான சின்னக் கோஷ்டி. வெளியிலிருந்து படை வந்து இறங்கவில்லை. கேட்டதும் ஒன்றே ஒன்று, பெட்டியைத் திறந்து எண்ணு என்பது. ஓட்டில் ஏற்கெனவே ஜெயித்திருந்தவர்கள், அதை எண்ணவைக்க மட்டும் துப்பாக்கியைக் காட்டினார்கள். இத்தனையும் ஒரே இடத்தில் கூடிவந்த வேறொரு சம்பவம் அந்நாட்டு வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. அப்படி ஜெயித்த அணியும் சில மாதங்களில் தங்களுக்குள் சண்டை போட்டுக் கலைந்துபோனது.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது அலபாமாவின் மாண்ட்கோமரி. அங்கே அத்துமீறியது நகராட்சியும் மாநிலச் சட்டமும்தான்: காசு கொடுத்து ஏறினாலும் கறுப்பினத்தவர் பின்னால்தான் உட்கார வேண்டும், வெள்ளையர் வந்தால் எழுந்திருக்க வேண்டும். 1955 டிசம்பர் 5-இல் தொடங்கிய பஸ் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் மேடைப்பேச்சுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஆனால் அந்த ஒரு வருஷத்தை ஓட்டியது பெட்ரோலும் சில்லறைக் காசும்தான். டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்கியாக வேண்டும் என்று நகராட்சி மிரட்டியது. தேவாலயங்களின் பெயரில் கார்கள் ஓடின. உள்ளூரில் அந்தக் கார்களின் காப்பீடு ரத்தானது, போராட்டக்காரர்கள் லண்டன் லாயிட்ஸ் வரை போய் காப்பீடு வாங்கினார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்கார அம்மா, கிங் மீதான வழக்கில் சாட்சி சொன்னதற்காக வேலையை இழந்தவர், வீட்டிலேயே கோழிக்கறி சாண்ட்விச்சும் கேக்கும் செய்து விற்று வாராவாரம் கூட்டத்தில் பணம் கொண்டுவந்து கொடுத்தார். அவரோடு சேர்ந்த பெண்கள் பலர் வெள்ளையர் வீட்டில் வேலை பார்ப்பவர்கள், பேர் வெளியே வந்தால் பிழைப்பு போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு வைத்த பெயரே 'எங்கிருந்தோ வந்த சங்கம்' என்கிற மாதிரி ஒன்று. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாமே!

1956 நவம்பர் 13 அன்று இந்தக் கார் ஏற்பாட்டையே தடைசெய்ய நகராட்சி போட்ட வழக்கின் விசாரணையில் கிங் உட்கார்ந்திருக்கும்போதுதான், பஸ்ஸில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த செய்தி வந்தது. புறக்கணிப்பு மட்டும் இருந்திருந்தால் கார்கள் நின்றதும் முடிந்திருக்கும், வழக்கு மட்டும் இருந்திருந்தால் தீர்ப்பை அமல்படுத்த ஊரே திரண்டு நின்றிருக்காது.

அறவழிக்காரர்கள் சொல்ல மறக்கிற சங்கதி ஒன்று இதே ஊரில் இருக்கிறது. 1956 ஜனவரி 30-இல் கிங் வீட்டில் குண்டு வைத்தார்கள். அதன்பிறகு அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. வீட்டுக்கு வந்த ஒரு பத்திரிகையாளர் நாற்காலியில் உட்காரப்போக, கூட வந்த பேயார்ட் ரஸ்டின் 'ஐயா, பார்த்து, அதில் துப்பாக்கி இருக்கிறது' என்கிற பாணியில் தடுக்க வேண்டியிருந்தது! பின்னால் லூசியானாவில் 1964-இல் தொடங்கிய 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' குழுவினர், போராட்டக்காரர்கள் தங்கியிருந்த வீடுகளுக்கு ராத்திரியில் துப்பாக்கியோடு காவல் இருந்தார்கள். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலிடமிருந்து பல உயிர்களை அது காப்பாற்றியிருக்கும் என்றே நினைக்கிறேன். துப்பாக்கிக்கு அங்கே வாசல் காவல் வேலை. சட்டத்தை மாற்றும் வேலையை அதனிடம் யாரும் கொடுக்கவில்லை.

மத்திய அரசோடு நேருக்கு நேர் மோதினால் கதை வேறு. 1921-இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு கிளம்பினார்கள். அவர்கள் கோபத்தில் பொய்யே இல்லை. ஷெரிஃப் டான் சேஃபின் சுரங்க முதலாளிகளிடம் காசு வாங்கிக்கொண்டு தொழிற்சங்கத்தை உள்ளே விடாமல் வைத்திருந்தவர். அவர் தரப்பு வாடகை விமானத்திலிருந்து தொழிலாளர்கள் மேல் குண்டுகூடப் போட்டது. ராணுவம் வந்ததும் தொழிலாளர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டார்கள், அதில் பலர் முதல் உலகப்போரில் அதே ராணுவத்தில் இருந்தவர்கள். நூற்றுக்கணக்கானோர் மேல் வழக்கு, அந்த வட்டாரத்தில் சங்கமே படுத்துவிட்டது. 1936-37-இல் மிச்சிகனின் ஃபிளின்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே 44 நாள் உட்கார்ந்தார்கள். முழுக்க சாத்வீகம் என்று சொல்ல முடியாது, போலீஸ் வந்தபோது கார் கதவுக் கீல்களை எடுத்து வீசியிருக்கிறார்கள். ஆனாலும் ஆளுநர் மர்ஃபியால் படையை விட்டு அவர்களைச் சுடச்சொல்ல முடியவில்லை. கம்பெனி சங்கத்தை அங்கீகரித்தது.

1992-இல் ஐடஹோவின் ரூபி ரிட்ஜில் மத்திய அரசு செய்தது அப்பட்டமான அத்துமீறல், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. துப்பாக்கி வழக்கு ஒன்றில் ஆஜராகாத ராண்டி வீவரைப் பிடிக்கப்போய், அவருடைய 14 வயது மகன், மத்திய அரசின் காவல் அதிகாரியான ஒரு மார்ஷல், பிறகு கதவருகே கைக்குழந்தையோடு நின்ற மனைவி விக்கி என்று மூன்று உயிர்கள் போயின. வீவர் வீட்டிலும் ஆயுதம் இருந்தது. அது யாரைக் காப்பாற்றியது? அரசுக்கு வலித்தது பிறகுதான்: ஜூரி அவரைப் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது, 1995-இல் செனட் விசாரணை நடந்தது, அதே ஆண்டு குடும்பத்துக்கு 31 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 19 அன்று, ரூபி ரிட்ஜுக்கும், 1993-இல் டெக்சஸின் வேகோவில் மத்திய அரசு ஒரு மதக்குழுவை முற்றுகையிட்டதற்கும் பழிவாங்குவதாகச் சொல்லி டிமோத்தி மெக்வே ஓக்லஹோமா சிட்டியில் வைத்த குண்டில் 168 பேர் செத்தார்கள், அதில் 19 பேர் குழந்தைகள்.

ஆயுத வழியில் எனக்கு அதிகம் உறுத்துவது, யார் கையில் துப்பாக்கி என்பதைப் பொறுத்து அரசு மாறுவது. 1967 மே 2 அன்று கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் பிளாக் பாந்தர்கள் என்ற கறுப்பின அமைப்பினர் துப்பாக்கியோடு, அன்றைய சட்டப்படி குற்றமில்லாமல்தான் நுழைந்தார்கள். மூன்று மாதத்துக்குள் குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவெளியில் ஏந்துவதற்கே தடை, கையெழுத்துப் போட்டவர் அன்றைய மாநில ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2014-இல் நெவாடாவில் மத்திய அரசு நிலத்தில் மாடு மேய்த்து, மேய்ச்சல் கட்டணமாகப் பத்து லட்சம் டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்த கிளைவன் பண்டிக்காக ஆட்கள் ரைஃபிளோடு வந்து நின்றபோது அதிகாரிகள் பிடித்த மாடுகளை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தத் தைரியத்தில் அவர் மகன்கள் 2016-இல் ஓரிகனில் மத்திய அரசின் மால்ஹர் வனவிலங்குச் சரணாலயத்தை 41 நாள் பிடித்து வைத்தார்கள். அவர்களோடு இருந்த லவாய் ஃபினிகம் சுட்டுக்கொல்லப்பட்டார், நிலம் இன்றும் மத்திய அரசிடம்.

அறவழி எப்போதும் பலிக்கும் என்றும் சொல்லவில்லை. ஜார்ஜியாவின் ஆல்பனியில் 1962-இல் இனப்பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போனவர்களை போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட் அடிக்கவே இல்லை. மரியாதையாகக் கைது செய்து, பக்கத்துக் கவுண்டி சிறைகளில் இடம் பிடித்து அடைத்துக்கொண்டே இருந்தார். கேமராவுக்குக் காட்ட ஒன்றும் இல்லை, கிங் வெறுங்கையோடு திரும்பினார். மறு வருஷம் பர்மிங்ஹாமில் போலீஸ் பொறுப்பில் இருந்த புல் கானர் நாயையும் தண்ணீர்க் குழாயையும் ஏவியதால்தான் நாடே பார்த்தது.

என்னிடம் கேட்டால், இந்த இரண்டு வழிகளிலும் சேராத ஒன்றுதான் எனக்கு அதிகம் பிடித்தது. 1971 மார்ச் 8, பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூர். ஊரே முகமது அலி, ஜோ ஃபிரேசியர் குத்துச்சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்த ராத்திரியில் எட்டுப் பேர் எஃப்.பி.ஐ. கிளை அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். முன்பே அவர்களில் ஒருவரான பானி ரெயின்ஸ் கல்லூரி மாணவி வேஷத்தில் போய், கையுறையைக் கழற்றாமலே பேட்டி எடுத்து, அலாரம் இல்லை என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். கையில் ஆயுதம் இல்லை, பூட்டைத் திறக்கும் கருவிகளும் ஒரு கடப்பாரையும்தான். அள்ளிவந்த கோப்புகளைப் பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள், கறுப்பின மாணவர்களையும் போர் எதிர்ப்பாளர்களையும் எஃப்.பி.ஐ. வேவு பார்த்தது அம்பலமானது. இயக்கங்களை உள்ளிருந்தே குலைக்க எஃப்.பி.ஐ. நடத்திய ரகசியத் திட்டமான 'கோயின்டெல்ப்ரோ'வின் பெயரே வெளியுலகுக்குத் தெரிந்தது அந்தக் காகிதங்களில் ஒன்றிலிருந்துதான். ஏப்ரலிலேயே எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் அந்தத் திட்டத்தை மூடினார், 1975-இல் செனட்டின் சர்ச் குழு மீதியைத் தோண்டியது. திருடியவர்களை 200-க்கு மேற்பட்ட ஏஜென்ட்டுகள் தேடியும் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.