48 வயதில் கவுன்சலிங்: ஆறு முறை போய் வந்த அனுபவம்

மகள் சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியும், காலையில் கை தானாக மூன்று டிபன் பாக்ஸை எடுத்து வைக்கும். மூன்றாவதில் தயிர்சாதம் போட்டு மூடியை அழுத்தும்போதுதான் ஞாபகம் வரும். ஒருநாள் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரம் திருச்சியில் ஒரு மனநல ஆலோசனை மையத்துக்குப் போனேன். ஒரு தடவைக்கு 50 நிமிடம், 800 ரூபாய். போகலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் வைத்து, "என்ன பிரச்சனைக்கு வந்திருக்கீங்க?" என்று வரவேற்பில் சத்தமாகக் கேட்டார்கள். இருபது வருடமாக இதே ஊர் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவள் நான். என் முகம் பலருக்குத் தெரியும். அப்படியே திரும்பிவிட இருந்தேன். பிறகு ஆலோசகரிடம் சொன்னேன். அதற்கப்புறம் வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். மாடியேற லிஃப்ட் கிடையாது.

ஆலோசகருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எடுத்ததும் மனசைப் பற்றிக் கேட்கவில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது என்று கேட்டார். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிட்டு வரச் சொன்னார். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. அதற்குச் சில வருடம் முன்பே தூக்கம் கெடும், எரிச்சல் வரும். ரத்தசோகையிலும் இதே சோர்வுதான். எனக்கு ஹீமோகுளோபின் 9.2 தான் இருந்தது, ரத்தசோகை. இதற்காகவே அந்த மையத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இரண்டாம் முறை ஒரு தாளில் 24 கட்டம் போட்டு, ஒரு நாளை மணிவாரியாக நிரப்பச் சொன்னார். பக்கவாதம் வந்த மாமியாருக்கு இத்தனை, சமையலுக்கு இத்தனை, வங்கி, பஸ். எனக்கென்று எழுத ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. "இதுல எதை நீங்களா தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் பதவி உயர்வு விஷயம் வெளியே வந்தது. ஆபீசர் ஆனால் வெளியூர் மாற்றல் உண்டு. அதனால் 2009-லும் 2015-லும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் போ என்றும் யாரும் சொல்லவில்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன் இன்று எனக்கு மேனேஜர். நல்ல பையன்தான், வலி அவனால் இல்லை.

நாலாவது முறையை மறக்க முடியாது. "உங்க அம்மா எத்தனை வயசுல போனாங்க?" என்றார். 49. எனக்கு வரும் ஆனியில் 49. சொல்லி முடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. இதை நடுவயது நெருக்கடி என்பார்களாம். அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவர் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளராம், அதாவது ஆழ்மனசைப் பேச்சு வழியாக ஆராய்கிறவர். 1965-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே சாவு இருக்கிறது. தனக்கும் முடிவு உண்டு என்று மனசுக்கு உறைக்கும் வயது இது என்பதுதான் அவர் சொன்னது. இது ஒரு நோயின் பெயரல்ல, எல்லோருக்கும் வருவதுமில்லை என்றும் ஆலோசகர் தெளிவாகச் சொன்னார். பெற்றவர்களின் முதுமை, பிள்ளைகள் கிளம்புவது, வேலையில் இனி மேலே போக வழியில்லாதது, உடம்பு மாறுவது, எல்லாம் ஒரே சமயத்தில் வந்து விழும்போதுதான் ஆள் சாய்கிறோம். நான் அதுவரை இதை நன்றிகெட்டதனம் என்றே நினைத்திருந்தேன். நல்ல புருஷன், படிக்கிற பிள்ளை, அரசாங்கச் சம்பளம், இன்னும் என்ன வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் முறை வீட்டுக்காரரையும் அழைத்தார்கள். அந்த 24 கட்டத் தாளை அவரே ரொம்ப நேரம் பார்த்தார். இப்போது மாமியாருக்குக் காலை வேளை அவர் பொறுப்பு.

மாத்திரை எழுதிக்கொடுக்க அங்கே டாக்டர் இல்லை; தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். சனிக்கிழமை மாலை கூட்டம் அதிகம், காலையில் போங்கள். 800 ரூபாய் எல்லோராலும் முடியாது. முடியாதவர்களுக்கு 14416, மத்திய அரசின் டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. மையத்துக்குப் போவதற்கு முன்னால், எல்லோரும் தூங்கின பிறகு ஒருநாள் மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டேன். தமிழில் நிதானமாகப் பேசினார்கள்.