நகைச் சேமிப்புத் திட்டத்தில் 88,000 ரூபாய் பறிபோனது: பணம் கட்டுவோர் கவனத்திற்கு

எங்கள் ஊர்க் கடைவீதியில் இரண்டு தலைமுறையாக நடந்துவந்த ஒரு நகைக்கடையின் மாதச் சேமிப்புத் திட்டத்தில், மாதம் 8,000 ரூபாய் வீதம் பதினோரு தவணை கட்டி, 88,000 ரூபாயை முழுதாக இழந்து நிற்கிறேன். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இதே வகைத் திட்டம் ஊருக்கு ஊர் நடக்கிறது என்பதால், நடந்ததைக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பதினோரு மாதம் கட்டினால், செய்கூலியும் சேதாரமும் இல்லாமல் கட்டிய தொகைக்கு நகை எடுத்துக்கொள்ளலாம் என்பது பேச்சு. மகளின் காதணி விழாவுக்குச் சங்கிலியும் தோடும் எடுக்க வேண்டுமென்று சேர்ந்தேன். என் மாமியாரின் வளையல்களே அந்தக் கடையில் செய்தவைதாம். இடையில், பக்கத்து ஊரில் ஒரு நகைக்கடை இரவோடு இரவாக மூடப்பட்டதைக் கேள்விப்பட்டு, கட்டியதைத் திருப்பிக் கேட்கவே போனேன். முதலாளி முகம் மாறவில்லை. மகளை அருகில் அழைத்து, தட்டிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து அவள் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பாப்பாவுக்குத்தான் அம்மா, தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். உங்கள் மாமியார் காலத்திலிருந்து வருகிறீர்கள், உங்களை ஏமாற்றிவிட்டு நான் எங்கே போகப் போகிறேன்?" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் மீதித் தவணைகளையும் கட்டினேன். நாங்கள் கட்டிய பணம் அப்போதே அவருடைய உறவினர் பெயரில் மனைகளாக மாறிக்கொண்டிருந்தது என்பது இப்போது விசாரணையில் தெரிய வந்திருக்கிறது. ஒரு குழந்தையின் கழுத்தில் நகையை வைத்துப் பார்த்த அதே கையால் அவளுக்குரிய பணத்தை எடுத்துக்கொள்ள ஒருவருக்கு எப்படி மனம் வந்தது என்று நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

முதிர்வுக்குப் பின் போனபோது, நகை ஹால்மார்க் முத்திரைக்குப் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார்கள். அடுத்து, பட்டறையில் ஆசாரி ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அதற்கடுத்து, தங்க விலை ஏறியிருக்கிறது, இறங்கியதும் எடுத்தால் உங்களுக்குத்தான் லாபம் என்று எனக்கு நல்லது செய்வதுபோலப் பேசினார்கள். பிறகு முதலாளியின் கைப்பேசி அணைந்தது. ஒருநாள் கடையின் ஷட்டரும் இறங்கியது.

இது வியாபாரத்தில் நொடித்துப்போன மனிதரின் கதையன்று. கடையை மூடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மொத்தத் தொகையை ஒரே தடவையில் கட்டுவோருக்குக் கிராமுக்குத் தனித் தள்ளுபடி என்று அறிவித்து, திருமணம் வைத்திருந்த வீடுகளிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கினார். பழைய நகையை உருக்கிப் புதிதாகச் செய்து தருவதாகச் சொல்லி, தாலிக்கொடியைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார். போகப்போவது தெரிந்தே கடைசிக் காசுவரை வழித்தெடுத்துக்கொண்டு போன பேராசை அது.

இப்போது அவர் கைதாகிச் சிறையில் இருக்கிறார். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பத்தாண்டுவரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். சொத்துகளை முடக்கி, நீதிமன்றத்தின் வழியே விற்று, பணம் இழந்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்கவும் அந்தச் சட்டத்தில் வழியிருக்கிறது. ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆகும் என்று நிலையத்திலேயே சொல்லிவிட்டார்கள். அவர் செய்த குற்றத்திற்கான பலனை அவர் மட்டுமா அனுபவிக்கிறார்? அங்கே வேலை பார்த்த பெண், முதலாளியை நம்பித் தன் அக்காவையும் சித்தியையும் சேர்த்துவிட்டவள், இன்று தெருவில் தலைகாட்ட முடியாமல் இருக்கிறாள். அவளைத் திட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அவளுடைய மூன்று மாதச் சம்பளமும் அதே பெட்டியில்தான் போயிருக்கிறது.

என் 88,000 ரூபாய் எப்போது வரும் என்று தெரியாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் இவற்றையாவது பாருங்கள். பணமாக வரவு வைக்காமல், ஒவ்வொரு மாதமும் அன்றைய விலைக்கு எத்தனை கிராம் என்று எழுதி வாங்குங்கள். தள்ளுபடிக்காக மொத்தமாகக் கட்டாதீர்கள். முதிர்ந்த நாளிலேயே நகையை எடுத்துவிடுங்கள். கணக்குப் பார்க்க வேண்டுமென்று கேட்டாலும் அசல் அட்டையைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு ஆதாரமின்றி நிற்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இதே கடையில் கட்டியவர்கள், தொகை சிறிதென்று விட்டுவிடாமல், மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் உடனே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். சொத்தை விற்கும்போது, பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் பங்கு கிடைப்பது கடினம்.